புதுப்பிப்பு: நகைக்கடன் இருக்கும்போது தசமபாகம் கொடுப்பதா?

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. என் வீட்டுக்காரருக்கு வேலை போய், என் வளையல் அடகில் இருக்கும்போதும் வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகச் சர்ச்சுக்கு எடுத்து வைத்தே ஆகணும், பைபிளில் அதைச் சொல்கிற மல்கியா 3:10 இருக்கே என்று மாமா பிடிவாதமாக நின்றதைத்தான் இங்கே கேட்டிருந்தேன்.

'மாமாவிடம் சொல்லாமல் நிறுத்திவிடு' என்ற யோசனை எங்களுக்குச் சரிவரவில்லை, காணிக்கைக் கவர் எங்கள் பெயரில்தான் போகிறது, ரசீதை மாமாதான் வாங்கி வைப்பார். சர்ச் ஐயரை (போதகரை) வீட்டுக்கே கூப்பிட்டுப் பேசச் சொன்னீர்களே, அதுதான் கைகொடுத்தது. அவர் வாதாடவே இல்லை. 2 கொரிந்தியர் 8:12-ஐ மாமாவையே வாசிக்கச் சொன்னார். இல்லாததைக் கணக்கில் வைக்காமல், உள்ளதின்படி கொடுத்தால் போதும் என்றுதான் அங்கே இருக்கிறது. அப்புறம் மாற்கு 7:11, கொர்பான், அதாவது 'இது கடவுளுக்குக் காணிக்கை' என்று சொல்லி அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டிக்கிற இடம். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போதைக்குக் கைப்பிடி அரிசி மட்டும். உலை வைக்கும்போது ஒரு பிடி தனிப் பானையில், மாதக் கடைசியில் கோயிலுக்கு, அதாவது எங்கள் சர்ச்சுக்கு. மிச்சமாகும் பணம் வட்டியோடு நிற்காமல் அசலிலும் கொஞ்சம் கழிகிறது, வளையல் இன்னும் திரும்பவில்லை.

எதிர்பாராதது என்னவென்றால், கோயிலில் சேர்ந்த அரிசியை ஏலம் விட்டபோது மாமாவே தன் பென்ஷன் காசில் ஒரு மூட்டை எடுத்து நேராக எங்கள் அடுப்படியில் இறக்கிவிட்டார்.