கல் எப்படி மண்ணாகிறது?

கேள்வி: பழைய பாறையிலிருந்து ஒரு கருங்கல் துண்டைப் பெயர்த்தேன். விரலால் அழுத்தியதும் உதிர்ந்துவிட்டது! மினுமினுக்கும் மணலும் வெளிறிய மாவும்தான் மிச்சம். கல் கூடவா மக்கும்? வெயில்தான் காரணமா?

பதில் 1: வெயிலும் உண்டு, ஆனால் பெரிய வேலை தண்ணீருடையது. கரியமில வாயு கரைந்த மழைநீர் லேசான அமிலம். கருங்கல்லில் இரண்டு முக்கியக் கனிமங்கள் உண்டு: ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ். அந்த நீர் ஃபெல்ட்ஸ்பாரை மெதுவாகக் களிமண்ணாக்கிவிடும்; குவார்ட்ஸ் மசியாது. நீங்கள் பார்த்த மாவு முன்னது, மணல் பின்னது.

பதில் 2: குளிர் பிரதேசமென்றால் விரிசலில் தேங்கிய நீர் உறைந்து சுமார் 9 சதவீதம் விரியும். ஆப்பு அடித்த மாதிரிதான்.

கேட்டவர்: சரி, அப்போ அந்த மாவே மண்ணா?

பதில் 1: இன்னும் இல்லை. மட்கு, அதாவது மக்கிய இலைதழை சேரணும், வேரும் புழுவும் புகுந்து கிளறணும். ஒரு சென்டிமீட்டர் மண்ணுக்கே சில நூற்றாண்டுகள் ஆகலாம். அப்புறம், கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் படை மாதிரி ஏதாவது ஒட்டியிருந்ததா? அது லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். அதுவும் அமிலம் கக்கும்.