விஏஓ 5.45-க்கு வீட்டுக்குப் போகிறாரா? யார் சொன்னது?

பொருநைக்காரன்:
நேற்று அம்பை மைந்தன் என்கிற மகராசன் இங்கே ஒரு தத்துவம் உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வேலை நல்ல வேலையா என்று தெரியணும் என்றால் சம்பளத்தைப் பார்க்கக் கூடாதாம், வீடு திரும்பும் நேரத்தைப் பார்க்கணுமாம். "விஏஓவை, அதான் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள், 5.45 ஆனால் வீட்டில் காபி குடிக்கிறான். அதனால்தான் ஊரே அந்த வேலைக்கு ஆள் எடுக்கிற குரூப் 4 தேர்வுக்கு விழுந்து விழுந்து படிக்கிறது" என்று எழுதியிருக்கிறார். என் கூடப்பிறந்த அண்ணன் விஏஓ. அந்த நேரத்தில் அவனை வீட்டில் பார்த்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். யாருவே உமக்குச் சொன்னது இந்த 5.45-ஐ?

அம்பை மைந்தன்:
அண்ணாச்சி, அரசு அலுவலக நேரம் காலை 10 முதல் மாலை 5.45 வரை. நானா கண்டுபிடித்தேன்? எனக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் அமெரிக்காக்காரன் மீட்டிங் வைப்பான். சோற்றுத் தட்டை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு தலையாட்டுகிறவன் நான். 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடம் 6,244. விண்ணப்பம் போட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேருமா கூமுட்டை?

பொருநைக்காரன்:
20 லட்சம் பேரும் 5.45-க்காகவா எழுதுகிறான்? பத்தாவது பாஸ் போதும், இன்டர்வியூ கிடையாது, எவன் காலிலும் விழ வேண்டாம். அதுக்காக எழுதுகிறான். நான் கேட்டது வேறு. 2023 டிசம்பர் 17, 18-ல் நீர் எங்கே இருந்தீர்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பெருகி நெல்லை கலெக்டர் ஆபீஸையே தண்ணீர் சூழ்ந்தது. என் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் கிழவிகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய், அங்கேயே அரிசி மூட்டை மேல் படுத்தான். தண்ணீர் வடிந்த பிறகு இடிந்த வீடு எத்தனை, செத்த மாடு எத்தனை, மூழ்கின நெல் எத்தனை ஏக்கர் என்று கணக்கெடுப்பு. 5.45-க்கு வெள்ளம் வடிந்துவிட்டதா?

அம்பை மைந்தன்:
வெள்ளம் தினமுமா வருகிறது? மீதி நாள்?

முக்கூடல்காரி:
அண்ணன்மாரே, நடுவில் நான் ஒன்று சொல்லிக்கிறேன். எங்க அம்மா பீடி சுற்றுகிறவள். காலையில் சுளகை, அதான் முறத்தை, மடியில் வைத்தால் ராத்திரிதான் இறக்குவாள். இலையை நனைத்து, அளவு பார்த்து வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, வாயை மடக்கி... ஆயிரம் பீடி முடிந்தால்தான் நாள் முடியும். பீடிக் கம்பெனியில் கொண்டுபோய்ப் போட்டால் அங்கே ஒருத்தர் கட்டைப் பிரித்துப் பார்த்து, சுற்றினது சரியில்லை என்று ஒரு கை அள்ளிக் கழிவில் தள்ளுவார். அதுக்குக் கூலி கிடையாது. அவளுக்கு ஆபீஸும் வீடுதான், வீடும் ஆபீஸ்தான். 5.45 எங்கிருந்து வந்தது?

வள்ளியூர் வாத்தியார்:
நண்பர்களே, 'நல்ல வேலை' என்றால் என்ன என்று முதலில் பேசி முடிவு செய்துவிட்டு அப்புறம் சண்டை போடலாமே. ஆடம் ஸ்மித் 1776-லேயே ஐந்து விஷயம் சொல்லியிருக்கிறார். வேலை இதமானதா, கற்றுக்கொள்வது எளிதா, தொடர்ந்து கிடைக்குமா, எவ்வளவு நம்பி ஒப்படைக்கிறார்கள், அதில் தேறுவதற்கு வாய்ப்பு எவ்வளவு. இதைப் பொறுத்துக் கூலி ஏறும், இறங்கும். கசாப்புத் தொழிலில் வருமானம் கூடுதலாக இருப்பதற்கு அது அருவருப்பான வேலை என்பதுதான் காரணம் என்கிறார்.

பொருநைக்காரன்:
சார், ஆடம் ஸ்மித் எந்த பிர்க்காவில் விஏஓவாக இருந்தார்?

முக்கூடல்காரி:
இதமில்லாத வேலைக்குக் கூலி கூடும் என்றால் முக்கூடலில் வீட்டுக்கு வீடு பங்களா நின்றிருக்கணுமே சார்.

வள்ளியூர் வாத்தியார்:
அவர் சொன்னது போட்டிக்குத் தடையில்லாத இடத்துக்கு, தாயி. முழுசாப் படிக்காமல்...

பொருநைக்காரன்:
வாத்தியார் பாடத்தை நாளைக்கு எடுக்கட்டும். மைந்தன் என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "மீதி நாள்" என்றீரே, கேளும். சாதிச் சான்று, வருமானச் சான்று என்று இ-சேவையில் பதிவு போட்டால் முதலில் வந்து விழுவது விஏஓ லாகினில். அப்புறம்தான் வருவாய் ஆய்வாளர் ஆர்ஐ, தாசில்தார். கோட்டாட்சியர் ஆர்டிஓ வருகிறார், அமைச்சர் வருகிறார், எலெக்‌ஷன் வருகிறது, ஆற்றில் பிணம் ஒதுங்குகிறது, எல்லாவற்றுக்கும் முதல் போன் அவனுக்கு. 2023 ஏப்ரலில் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் புகார் செய்த விஏஓவை ஆபீஸுக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். பகல் நேரம். அந்த மனுஷன் வீட்டுக்குத் திரும்பின நேரம் எத்தனை என்று சொல்லும், கேட்போம்.

அம்பை மைந்தன்:
அது கொடுமைதான், நான் இல்லை என்றேனா? ஆனால் முறப்பநாடு தூத்துக்குடி மாவட்டம். நாம் பேசுவது நெல்லைச் சீமை.

பொருநைக்காரன்:
அடப்பாவி! கொலையில் போய் எல்லைக் கல் நடுகிறீரே. 1986 வரைக்கும் அதுவும் திருநெல்வேலிதான்.

குற்றாலச் சாரல்:
அப்படிப் பார்த்தால் 2019 வரைக்கும் தென்காசிக்காரர் நாங்களும் திருநெல்வேலிதான். இப்போது அல்வாவுக்கு மட்டும்தான் நெல்லை, அருவிக்கு எங்களைத் தேடித்தான் வரணும்.

அம்பை மைந்தன்:
பாபநாசத்தில் அகஸ்தியர் அருவி இருக்கிறது, எங்களுக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர் விழும். சீசனுக்கு மட்டும் விழுகிற ஊர்க்காரர் பேச வந்துட்டார்.

பொருநைக்காரன்:
அருவியில் குளிக்கிறது இருக்கட்டும். 5.45?

பாளை பழசு:
ஓய்வு பெற்ற ஆள் பேசுகிறேன், கொஞ்சம் கேளுங்கள் தம்பிகளா. நேரமும் இல்லை, சம்பளமும் இல்லை. அரசு வேலையின் ருசி பென்ஷனில் இருக்கிறது. மாதம் பிறந்தால் எனக்கு வந்துவிடும், என் மகனிடம் கை நீட்ட வேண்டாம்.

முக்கூடல்காரி:
2003 ஏப்ரலுக்கு அப்புறம் சேர்ந்தவனுக்கு அந்தப் பழைய பென்ஷனே கிடையாதே மாமா. சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்துப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று கொண்டுவந்துவிட்டார்கள். நீங்கள் ருசித்த இலையை அப்போதே எடுத்தாச்சு.

பாளை பழசு:
அப்படியானாலும் மரியாதை இருக்கிறதே. எங்க தாத்தா கர்ணம், ஊர்க் கணக்குப்பிள்ளை. அவர் தெருவில் நடந்தால் திண்ணையில் இருப்பவன் எழுந்து நிற்பான். 1980-ல் எம்ஜிஆர் ஒரே உத்தரவில் கர்ணம், கிராம முன்சீப் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். அதுக்கப்புறம் பரீட்சை எழுதி வந்தவர்களுக்குச் சொந்த ஊர் எல்லையே தெரியாது.

பொருநைக்காரன்:
வாரும் வே! இதுக்குத்தான் காத்திருந்தேன். பரம்பரை பரம்பரையாக ஒரே வீட்டில் கிடந்த கணக்குப் புஸ்தகத்தைப் பிடுங்கினதால்தான் எங்க அண்ணன் மாதிரி ஆடு மேய்க்கிறவன் மகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த வேலையை எல்லாரும் ஆசைப்படுவதற்கு முதல் காரணம் அதுதான். 5.45 கிடையாது. எங்க பக்கத்து ஊரில் அந்தக் காலத்துக் கர்ணம் ஒருத்தர் குளத்துப் புறம்போக்கை மச்சினன் அனுபவத்தில் இருப்பதாக ஊர் நிலக் கணக்கான அடங்கலில் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதைச் சரிபண்ண வருஷா வருஷம் கணக்குப் பார்க்கிற ஒவ்வொரு ஜமாபந்தியிலும் ஊர்க்காரன் மனுவோடு நிற்கிறான்.

பாளை பழசு:
எந்த ஊர்? கர்ணம் பேர் என்ன? சும்மா மொட்டையாகப் பேசாதேயும்.

பொருநைக்காரன்:
ஏன், உறவுக்காரரோ?

பாளை பழசு:
நாக்கை அடக்கிப் பேசும். எங்க தாத்தா எழுதின கையெழுத்தை இன்றைக்கும் தாலுகா ஆபீஸில் எடுத்துப் பார்க்கலாம், ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

முக்கூடல்காரி:
அடித்தல் இல்லாமல் எழுதினால் பொய் மெய்யாகிடுமா மாமா?

குற்றாலச் சாரல்:
அகஸ்தியர் அருவிக்கு வனத்துறை கேட்டைப் பூட்டினால் எத்தனை மணிக்குக் குளிப்பீர் என்று கேட்கலாம் என்று பார்த்தால், மைந்தன் ஓடிட்டார்.

அம்பை மைந்தன்:
ஓடவில்லை, மீட்டிங்கில் இருந்தேன். கேட்டைப் பூட்டினால் கீழே ஆற்றில் குளிப்போம், எங்களுக்கு என்ன குறை?

பொருநைக்காரன்:
பாளைக்காரரே, சர்வே நம்பரோடு நாளைக்கு வருகிறேன். நீர் தாத்தாவின் சிட்டாவோடு வாரும்.