ஒருவருக்கான மைக்ரோவேவ் ஓட்ஸ் கேக்: காலையில் ரப்பர் போலவும் மாலையில் நடுவே வேகாமலும் வருவது ஏன்?

ஒற்றையறை:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தங்கி, இரவுப் பணிக்குச் சென்று வருகிறேன். அறையில் எரிவாயு அடுப்பு வைத்துக்கொள்ள வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை. ஆகவே, முன்பு அங்கே குடியிருந்தவரிடமிருந்து வாங்கிய 20 லிட்டர் மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றுதான் என்னிடம் உள்ள சமையல் சாதனம். காலை ஆறரை மணிக்கு அறைக்குத் திரும்பிய பின் மறுபடி படியிறங்கி உணவகம் தேடிச் செல்ல உடம்பில் தெம்பு இருப்பதில்லை என்பதால், ஒரே குவளையில் கலக்கி, அதிலேயே வேகவைத்துச் சாப்பிடக்கூடிய ஓட்ஸ் கேக்கைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

நான் 40 கிராம் ஓட்ஸை அப்படியே முழுதாகப் போட்டு, அதில் ஒரு முட்டை, 60 மில்லிலிட்டர் பால், ஒரு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்கியவுடன் அடுப்பில் வைக்கிறேன். முழு வேகத்தில் இரண்டு நிமிடம். இதுவரை ஏழு முறை செய்துவிட்டேன். வேலை முடிந்து வரும் காலைகளில் செய்தால், அடியில் விரல் தடிமனுக்கு மஞ்சளாக ஒரு ரப்பர் அடுக்கு படிகிறது. கரண்டியால் குத்தினால் கேக் முழுவதும் கரண்டியோடு எழும்பி வருகிறது. ஐந்து நிமிடம் கழித்துக் கடிக்கவே முடியவில்லை. விடுமுறை நாள் மாலைகளில் அதே அளவில், அதே குவளையில், அதே இரண்டு நிமிடம் வைத்தால், ஓரம் வெந்து நடுப்பகுதி முட்டை வாடையோடு கஞ்சியாகவே நிற்கிறது. இரண்டு வேளையிலும் மாவு குவளையின் விளிம்பைத் தாண்டிப் பொங்கிவிட்டுப் பிறகு குழியாக அமுங்குகிறது, நாக்கில் சோப்பு போன்ற ஒரு கசப்பும் தங்குகிறது. எதை மாற்ற வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

மாலைத்தேநீர்:

நடுவில் வேகவில்லை என்றால் நேரம் போதவில்லை என்றுதான் பொருள். மூன்று நிமிடம் வைத்துப் பாருங்கள்.

ரொட்டிக்கூடம்:

தம்பி, அவசரப்பட்டு மூன்று நிமிடம் வைத்துவிடாதீர்கள். காலை நேரத்தில் அப்படி வைத்தால் கல்லாகிவிடும். நான் பேக்கரியில் பல ஆண்டுகள் வேலை செய்தவள், இப்போது வீட்டில் என் ஒருத்திக்காக இந்தக் கேக்கை வாரத்தில் மூன்று நாளாவது செய்கிறேன். உங்கள் குறிப்பில் எனக்குத் தெரிந்து நான்கு பிழைகள் இருக்கின்றன, அவற்றில் ஊறவைக்காததுதான் பெரிய பிழை.

மைதா மாவில் உள்ள குளூட்டன் வலைபோல் பின்னிக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்ஸில் அது கிடையாது. ஓட்ஸ் கேக் நிற்பது, ஊறிய மாவுச்சத்தும், ஓட்ஸைத் தண்ணீரில் வேகவைக்கும்போது வழவழப்பைத் தருகிற பீட்டா குளுக்கன் என்னும் நார்ச்சத்தும், முட்டையும் சேர்ந்து இறுகுவதால்தான். நீங்கள் கலந்தவுடன் அடுப்பில் வைப்பதால், உலர்ந்த ஓட்ஸ் பாலை உறிஞ்ச நேரமில்லாமல் மேலே மிதக்க, பாலும் முட்டையும் அடியில் தங்கி, ஓட்ஸ் இல்லாத முட்டைக் கட்டியாக உறைந்துபோகிறது. நீங்கள் ரப்பர் என்று சொல்லும் அந்த மஞ்சள் அடுக்கு அதுதான். ஓட்ஸில் பாதியைப் பொடித்து, மீதிப் பாதியை முழுதாக வைத்து, இரண்டையும் பாலில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஊறிய பின் கரண்டியைச் சாய்த்தால், கலவை தோசை மாவைப் போல ஓடாமல், இட்லி மாவைப் போலத் தொப்பென்று விழ வேண்டும். அந்தப் பதத்தைக் கண்ணால் பார்த்துப் பழகிக்கொண்டால் பிறகு அளவுக் கரண்டியே தேவைப்படாது.

மிக்ஸி இல்லை என்று நினைக்கிறேன். ஓட்ஸை ஒரு தட்டில் பரப்பி மைக்ரோவேவில் அரை நிமிடம் சூடாக்கி, ஆறியதும் கனமான துணிப்பையில் போட்டுத் தம்ளரின் அடியால் அழுத்தித் தேய்த்தால் ரவை பதத்திற்கு நொறுங்கிவிடும், அதுவே போதும்.

அடுத்தது முட்டை. 40 கிராம் ஓட்ஸுக்கு ஒரு முழு முட்டை அதிகம், அதிலும் வெள்ளைக்கரு அதிகமாக வெந்தால் இறுகி இழுபடும். மஞ்சள் கருவை மட்டும் சேர்த்துக்கொண்டு, பாலை 75 மில்லிலிட்டராகக் கூட்டுங்கள். வெள்ளைக்கருவை வீணாக்க வேண்டாம். ஒரு கிண்ணத்தில் உப்பும் மிளகுத்தூளும் போட்டு அடித்து அன்றே தனியாக வேகவைத்துச் சாப்பிட்டுவிடலாம்.

பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி என்பது எட்டுப் பேருக்கான கேக்குக்குப் போடும் அளவு. குமிழிகள் மிதமிஞ்சிப் பெருகி, சுவர் தாங்காமல் உடைந்து, கேக் அமுங்குவதற்கும் நாக்கில் கசப்பு நிற்பதற்கும் இதுவே காரணம். கால் தேக்கரண்டி போதும், அதையும் ஊறி முடிந்தபின் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ஈரம் பட்டவுடனேயே அதன் ஒரு பகுதி வேலை செய்யத் தொடங்கிவிடும்.

உங்கள் குறிப்பில் எண்ணெயே இல்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெயாவது விடுங்கள். நெய்யும் மணமாக இருக்கும், ஆனால் ஆறினால் நெய் உறைந்துவிடும், எண்ணெய் உறையாது. மைக்ரோவேவில் செய்த கேக் எப்படியும் வேகமாக இறுகக் கூடியது என்பதால் எனக்கு எண்ணெயே பிடிக்கிறது. ஒரு சிட்டிகை உப்பையும் ஏலக்காய்த் தூளையும் மறக்காதீர்கள்.

மின்பழுது:

மேலே அம்மா சொன்ன திருத்தங்கள் அனைத்தும் சரியானவை. ஆனால் ஒரே கலவை காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் வருவதற்கு அவை காரணமாக முடியாது. அந்த வேறுபாடு உங்கள் அடுப்புக்கு வரும் மின்சாரத்தில் இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

பழைய வகை மைக்ரோவேவ் அடுப்புகளில், அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரானுக்கு உயர் மின்னழுத்தத்தைத் தருவது கனமான ஒரு மின்மாற்றி. வீட்டுக்கு வர வேண்டிய 230 வோல்ட் குறைந்தால், உணவுக்குள் செல்லும் வெப்பமும் குறையும். விளக்கு எரியும், தட்டு சுழலும், கடிகாரம் சரியாக ஓடும். ஆகவே, அடுப்பு சரியாக வேலை செய்கிறது என்றே தோன்றும். மாலையில் தெரு முழுவதும் மோட்டாரும் குளிர்சாதனமும் ஓடும்போது வோல்டேஜ் இறங்குவது பல குடியிருப்புகளில் வழக்கம். அதிகாலையில் அந்தச் சுமை இருப்பதில்லை.

இதை உறுதிப்படுத்த எந்தக் கருவியும் தேவையில்லை. நீங்கள் கேக் செய்யும் அதே குவளையில் 200 மில்லிலிட்டர் தண்ணீரை வைத்து, அது கொதிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பாருங்கள். இரண்டு முறையும் அறைக்குள் வைத்திருக்கும் குடிநீரையே எடுக்க வேண்டும். மாலையில் குழாய்த் தண்ணீரை எடுத்தால், மாடித் தொட்டியில் வெயில் பட்டுச் சூடேறிய தண்ணீர் உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும். இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன்: தண்ணீருக்குள் ஒரு மரக்குச்சியைப் போட்டு வையுங்கள். வழவழப்பான குவளையில் தனித் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் குமிழி விடாமல் நின்று, வெளியே எடுத்து அசைக்கும்போது சட்டென்று பொங்கிக் கையைச் சுட்டுவிடக்கூடும்.

இந்தச் சோதனை கேக்குக்கு எத்தனை விநாடி வேண்டும் என்று நேரடியாகச் சொல்லாது. காலை நேரத்துக்கும் மாலை நேரத்துக்கும் உள்ள விகிதத்தைச் சொல்லும், உங்களுக்குத் தேவையானது அதுதான்.

ஒற்றையறை:

மிக்க நன்றி. இரண்டு நாள் பொறுத்து, சோதித்துவிட்டு எழுதுகிறேன். காலை ஆறே முக்காலுக்குத் தண்ணீர் கொதிக்க 110 விநாடி ஆனது. மாலை ஏழரைக்கு அதே குவளை, அதே அளவு, அதே குடத்துத் தண்ணீர்: 140 விநாடி. இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

அக்கா சொன்ன அளவுப்படி ஊறவைத்து இன்று காலை செய்தேன். 70 விநாடியில் நிறுத்திப் பார்த்தபோது மேல்பகுதி ஈரமாகப் பளபளத்தது; மேலும் 15 விநாடி வைத்ததும் பளபளப்பு மறைந்தது. ரப்பர் அடுக்கு அறவே இல்லை, கசப்பும் இல்லை. குவளையைக் கவிழ்த்து ஒரு துண்டை வெட்டிப் பார்த்தபோது, சிறு சிறு துளைகளோடு ஓட்ஸ் செதில்கள் தனித்தனியாகத் தெரிந்தன. மனம் நிறைந்துவிட்டது. ஆனால் ஒரு குறை மிச்சமிருக்கிறது: கேக்கின் நடு அடியில் மட்டும், ஓர் எலுமிச்சை விதை அளவுக்கு அல்ல, ஒரு நெல்லிக்காய் அளவுக்கு, இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது.

மின்பழுது:

உங்கள் காலை நேரம் 85 விநாடி என்றால், 140-ஐ 110-ஆல் வகுத்து அதனால் பெருக்க, மாலை நேரம் ஏறத்தாழ 108 விநாடி வரும். அதை ஒரேயடியாக வைக்காமல், கடைசி 20 விநாடியைப் பத்துப் பத்தாகப் பிரித்துப் பார்த்து வையுங்கள்.

நடு அடியில் பிசுபிசுப்பு இருப்பதற்கு, குவளையைச் சுழலும் தட்டின் சரியான மையத்தில் வைப்பது காரணமாக இருக்கலாம். அடுப்புக்குள் அலைகள் சுவர்களில் மோதித் திரும்பும்போது சில இடங்களில் வெப்பம் மிகுந்தும் சில இடங்களில் குறைந்தும் இருக்கும், தட்டு சுழல்வதே இதைச் சமன்செய்யத்தான். மையத்தில் வைத்த குவளை நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஓரத்தில் வைத்தால் அது எல்லா இடங்களையும் கடந்து வரும்.

நீங்களே பார்க்க விரும்பினால், அப்பளம் போதும். சுழலும் தட்டையும் அதன் அடியிலுள்ள வளையத்தையும் எடுத்துவிட்டு, ஒரு சாதாரணப் பீங்கான் தட்டில் மூன்று நான்கு உளுந்து அப்பளங்களை எண்ணெய் தடவாமல் பரப்பி, அரை நிமிடம் மட்டும் வையுங்கள். கருகும் வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஓரிடத்தில் வெளுத்துப் பொரிந்தும், இரண்டு மூன்று விரற்கடை தள்ளிப் பச்சையாகவே கிடந்தும் அப்பளம் உங்கள் அடுப்பின் வரைபடத்தையே காட்டிவிடும். இந்த அலைகளின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர் என்பதால், சூடான திட்டுகள் ஏறத்தாழ அதில் பாதித் தொலைவுக்கு ஒன்றாக அமையும்.

ரொட்டிக்கூடம்:

குவளையின் வடிவத்தையும் பாருங்கள் தம்பி. உயரமான, குறுகலான குவளையைவிட அகலமான பீங்கான் கிண்ணம் நல்லது. அலைகள் மாவுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம்வரைதான் வலுவாகச் செல்லும், அதற்கு உள்ளே இருப்பது சுற்றுப்புறச் சூடு பரவித்தான் வேக வேண்டும். மாவு இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் நிற்காத கிண்ணமாக இருந்தால், உங்கள் நெல்லிக்காய் காணாமல் போய்விடும். தங்க விளிம்பு போட்ட கிண்ணமும் மெலமைன் கிண்ணமும் வேண்டாம். வெளியே எடுத்தவுடன் ஒரு தட்டால் மூடி இரண்டு நிமிடம் விடுங்கள், மீதி வேக்காடு அந்தச் சூட்டிலேயே நடக்கும். மஞ்சள் கரு சேர்வதால் நடுவில் ஈரம் ஒட்டாமல் குச்சி வெளிவரும்வரை சாப்பிட வேண்டாம்.

சைவச்சமையல்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. மஞ்சள் கருவுக்குப் பதிலாக என்ன சேர்க்கலாம்?

ரொட்டிக்கூடம்:

நன்றாகப் பழுத்த சிறிய வாழைப்பழம் ஒன்றில் பாதியை மசித்துச் சேர்த்து, பாலில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் புளித்த தயிரை விடுங்கள் அம்மா. தயிரில் புளிப்பு இருப்பதால் பேக்கிங் பவுடர் தேவையில்லை, ஆப்பச் சோடா இரண்டு சிட்டிகை போதும். புளிப்பில்லாத புதுத் தயிரில் சோடா போட்டால் அது முழுவதும் வேலை செய்யாமல் நின்று கசக்கும். பழம் சேர்வதால் நாட்டுச் சர்க்கரையை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளலாம். முட்டை சேர்த்ததைப் போல உயர்ந்து வராது, சற்று அடர்த்தியாக, பணியாரத்தின் உள்பகுதியைப் போல இருக்கும். எனக்கு இதுவே கூடுதலாகப் பிடிக்கும்.

ஒற்றையறை:

நேற்று மாலையும் இன்று காலையும் அகலமான கிண்ணத்தில், தட்டின் ஓரத்தில் வைத்துச் செய்தேன். மாலையில் 105 விநாடி, காலையில் 80 விநாடி ஆனது. இரண்டும் ஒன்றுபோலவே வந்தன, குச்சியும் சுத்தமாக வெளிவந்தது. அப்பளச் சோதனையில் இடப்பக்கப் பின்மூலை நன்றாகப் பொரிந்திருந்தது, நடுப்பகுதி பச்சையாகவே கிடந்தது.

நிறம்தான் வெளிறிப்போய் இருக்கிறது. பேக்கரிக் கேக்கைப் போல மேலே சிவக்க வைக்க வழியுண்டா?

ரொட்டிக்கூடம்:

இந்த அடுப்பில் சிவக்காது தம்பி. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கேக்கின் மேல்பகுதி பொன்னிறமாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். சிவக்கட்டும் என்று நேரத்தைக் கூட்டினால் மீண்டும் பழைய ரப்பருக்கே வந்து நிற்பீர்கள். நாட்டுச் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டியைச் சீவிப் பாலில் கரைத்து வடிகட்டிச் சேர்த்தால் உள்ளும் புறமும் நல்ல பழுப்பு நிறம் கிடைக்கும், மணமும் கூடும்.

சாப்பிட்டவுடன் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். ஓட்ஸ் காய்ந்து ஒட்டிக்கொண்டால் சுரண்டி எடுப்பது பெரும் பாடு.