பெரியம்மாவின் சட்டியில் ஸ்டார்பக்ஸ்

(குழு: உவர்மலை வீடு)

பெரியம்மா, 4:12
பிள்ளைகள், தம்பி ரொறொன்ரோவிலிருந்து கொண்டுவந்த ஸ்டார்பக்ஸ் கோப்பிப் பக்கெற்றை இன்றுதான் உடைத்தேன். வாசம் கூடம் முழுக்க நின்றது. வாயில் வைத்தால் ஒரே கசப்பு. மூன்று கரண்டி சீனி போட்டும் அடங்கவில்லை.

சித்தி, 4:14
எப்படிப் போட்டீர்கள் அக்கா?

பெரியம்மா, 4:15
வழமை போலத்தான். கொட்டையை மிக்சியில் அரைத்து, சட்டியில் தண்ணீர் கொதிக்கத் தூளைப் போட்டு, நன்றாக மூன்று கொதி விட்டு வடித்தேன். கொட்டை கறுகறு என்று இருந்தது. தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டுது.

தம்பி (நிலாவெளி), 4:19
கொதிக்க விட்டதுதான் பிழை பெரியம்மா. நான் சொல்லித் தந்திருக்க வேண்டும். அது டார்க் ரோஸ்ட், அதாவது கடும் வறுவல். வறுக்கும்போது கொட்டை முதலில் சோளப்பொரி போல வெடிக்கும். அதை ஒட்டி இறக்கினால் இள வறுவல், கொஞ்சம் புளிப்பு இருக்கும். விடாமல் வறுத்தால் இன்னொரு தரம் மெல்லிய சத்தத்தோடு வெடிக்கும். அப்போதுதான் உள்ளே இருக்கிற எண்ணெய் மேலே கசிகிறது. புளிப்புப் போய்க் கசப்பு ஏறுகிறது. அப்படிப்பட்ட தூளைக் கொதிக்க விட்டால் இருக்கிற கசப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும்.

சித்தப்பா, 4:22
ஏன் அவ்வளவு கறுக்க வறுக்கிறார்கள்?

தம்பி, 4:25
ஸ்டார்பக்ஸ் அமெரிக்கக் கோப்பிக் கடை. 1971இல் அங்கே சியாட்டில் நகரத்தில் தொடங்கும்போதே அதுதான் அவர்கள் பக்குவம். வறுவலைச் சொல்லிக்கொடுத்தவர் அல்பிரட் பீட் என்ற நெதர்லாந்துக்காரர். முதலில் கொட்டையே அவரிடம்தான் வாங்கினார்கள். அப்புறம், அங்கே நிறையப் பேர் லாற்றே குடிக்கிறார்கள். எஸ்பிரஸோ என்ற கெட்டிக் கோப்பி கொஞ்சம், அதற்குப் பல மடங்கு பால். இள வறுவல் என்றால் அந்தப் பாலுக்குள் ருசி தெரியாமல் போய்விடும். 2012இலிருந்து பிளாண்ட் என்று இள வறுவலும் விற்கிறார்கள். அடுத்த தரம் அதைக் கொண்டுவருகிறேன்.

பெரியம்மா, 4:31
எங்கள் அம்மா இரும்புச் சட்டியில் வறுப்பார். அகப்பை ஒரு நிமிடம் நிற்காது. கொட்டை கடும் மண்ணிறத்துக்கு வந்ததும் உடனே சுளகில் கொட்டிப் பரப்பிவிடுவார். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகிவிடும் என்பார். மல்லியைத் தனியாக வறுத்து, இரண்டையும் உரலில் இடித்து அரிப்பது என் வேலை.

தம்பி, 4:33
அதேதான் பெரியம்மா! பெரிய ஆலையிலும் வறுத்த கையோடு காற்றடித்து ஆற வைப்பார்கள். அம்மம்மா சுளகால் செய்திருக்கிறார்.

சித்தப்பா, 4:35
அம்மா வாங்கினது கண்டிப் பக்கத்துக் கொட்டை. இலங்கையே ஒரு காலம் கோப்பி நாடு. 1869இல் இலைத்துரு நோய் வந்து தோட்டங்கள் அழிந்த பிறகுதான் தேயிலை பிடித்தது.

தம்பி, 4:37
பெரியம்மா, இன்னொரு தரம் போடுங்கள். ஒரு கோப்பைக்கு 180 மில்லிலீற்றர் தண்ணீர், தூள் இரண்டு மேசைக்கரண்டி. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை நிறுத்தி ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு தூளின் மேல் ஊற்றி, மூடி, நான்கு நிமிடத்தில் வடியுங்கள்.

பெரியம்மா, 5:06
போட்டேன். இது வேறு கோப்பி! கசப்பு இருக்கிறது, நாக்கைப் பிடிக்கவில்லை. கடைசி மிடறில் கொக்கோ போல ஒரு ருசி. சூடான பால் விட்டும் கோப்பி வாசம் போகவில்லை. சீனி ஒரு கரண்டி காணும்.

சித்தி, 5:07
எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள் அக்கா, வருகிறேன்.

பெரியம்மா, 5:08
வா. மல்லி கொஞ்சம் போடட்டா?

தம்பி, 5:08
இதற்குள் வேண்டாம் பெரியம்மா. ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வருகிறேன். நம் கோப்பியை வறுங்கள், சுளகு நான் பிடிக்கிறேன்.