ஸ்கேன் பண்ணின பழைய படங்கள் எல்லாம் ஒரே திகதியில் நிற்குது, உதவி தேவை

மீனு_வெள்ளவத்தை:
அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் இருந்த படங்களை ஸ்கேன் பண்ணி கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டேன். வருஷ வாரியாக அடுக்கத்தான் இவ்வளவு பாடும். ஆனால் அம்மாவின் கலியாணமும் தம்பியின் முதல் பிறந்தநாளும் போன சனிக்கிழமை எடுத்த மாதிரி ஒரே குவியலாகக் கிடக்கின்றன. கனடாவிலிருந்து பெரியம்மா வருகிறார், அதற்குள் சரிப்படுத்த வேண்டும். அவசரம்.

பம்பலப்பிட்டி_பொடியன்:
எதால் ஸ்கேன் செய்தீர்கள், மேசை ஸ்கேனரா போனா? எத்தனை படம்? லப்டொப் இருக்கிறதா?

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
இதற்கு இங்கே பலமுறை பதில் எழுதிவிட்டேன். கேட்க முதல் தேடிப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இல்லை. கலியாணம் எப்போது நடந்தது என்று ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? படக் கோப்புக்குள் எக்ஸிஃப் என்று ஒரு பகுதி உண்டு. படம் எடுத்த நேரத்தை டிஜிட்டல் கமரா அதில் எழுதிவிடும். ஸ்கேன் செய்ததில் ஸ்கேன் செய்த நாள்தான் இருக்கும். அடிப்படை இதுதான்.

தெஹிவளை_அக்கா:
திகதி கிடக்கட்டும் தங்கச்சி, அசல் படங்கள் இப்போது எங்கே? கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் ட்ரங்குப் பெட்டிக்குள் திருப்பிப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின், பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. சிலிக்கா ஜெல் பை போட்டு வையுங்கள். பசை தடவிய பக்கங்கள் உள்ள அல்பத்தில் ஒட்டிப் போனவற்றை இழுக்க வேண்டாம். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு மெல்ல அறுத்து எடுக்கலாம்.

மீனு_வெள்ளவத்தை:
மேசை ஸ்கேனர். எண்ணூறு வரும். லப்டொப் இருக்கு. பாதிக்கு வருஷமே தெரியாது. லண்டனில் இருந்து அண்ணா வாட்ஸ்அப்பில் அனுப்பினதும் இருக்கு.

பம்பலப்பிட்டி_பொடியன்:
இதை முதலே சொல்லியிருக்கலாமே. லப்டொப்பில் கூகுள் போட்டோஸைத் திறந்து, ஒரு வைபவத்துப் படங்களை மொத்தமாகத் தெரிவு செய்து, திகதியை ஒரேயடியாக மாற்றலாம். ஆனால் அது கூகுளுக்குள் மட்டும்தான். கோப்பிலேயே எழுத டிஜிகாம் என்ற இலவச மென்பொருள் உண்டு. அதில் திருத்தி மறுபடி ஏற்றினால் ஒவ்வொரு படமும் இரண்டாகிவிடும், கூகுளில் உள்ள பழையதை முதலில் அழியுங்கள். வருஷம் தெரியாதவற்றுக்கு உத்தேச வருஷத்தின் ஜனவரி 1 போட்டு, விளக்கத்தில் ‘சுமார்’ என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் படமாக அனுப்பினால் திகதியை உரித்துவிடும், தரமும் குறையும். அண்ணாவை டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
உத்தேசம் எதற்கு? படத்தில் கார் நின்றால் இலக்கத் தகட்டைப் பார்க்க வேண்டும். அரசாங்கம் தகட்டில் போட வைத்த சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்தால் ஐம்பதுகளின் கடைசி. 1958இல் எதிர்ப்புக் காட்டி அந்த எழுத்துக்குத் தார் பூசிய கதை எல்லாருக்கும் தெரியும்.

மருதானை_ரவி:
மன்னிக்கவும் மாஸ்டர், தகடு காரின் வயதைத்தான் சொல்லும். ஸ்ரீ தகடு போட்ட மொரிஸ் மைனர்கள் எண்பதுகளிலும் ஓடின. அதற்கு முந்திய படம் இல்லை என்று மட்டும் சொல்லலாம். தாளைப் பாருங்கள். சதுரமான கலர்ப் படம் என்றால் பெரும்பாலும் கொடக் இன்ஸ்டமெட்டிக் வகைக் கமரா, அது 1963இல் வந்தது.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
சதுரப் படம் அதற்கு முன்பும் இருந்தது. பெட்டிக் கமராக்களை நீங்கள் கண்டதில்லை போலும்.

மருதானை_ரவி:
கலர் என்றுதானே எழுதினேன்.

தெஹிவளை_அக்கா:
நீங்கள் இரண்டு பேரும் காரை விடுங்கோ. எங்கள் வீட்டு அல்பங்கள் 83 யூலைக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தன. அப்பப்பாவின் முகம் இன்று எங்களிடம் இருப்பது, சிட்னிக்குப் போன மாமி கையோடு கொண்டுபோன ஒரே ஒரு படத்தால். ஓரம் பூவாக வெட்டின சின்னக் கறுப்பு வெள்ளைப் படம், பின்னால் ஊதா நிறத்தில் ஸ்டூடியோ முத்திரை. தங்கச்சி, கூகுளை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில், இன்னொன்று பெரியம்மாவின் கையில் கனடாவுக்கு.

மருதானை_ரவி:
அக்கா சொல்வது சரி. முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணாமல் பின்பக்கத்தையும் எடுங்கள். முத்திரை, கையெழுத்து எல்லாம் அங்கேதான்.

மீனு_வெள்ளவத்தை:
கலியாணப் படங்கள் 1974க்குப் போய்விட்டன. பின்பக்கம் எடுக்கவில்லை, இனி எடுக்கிறேன். மிச்சத்தைப் பெரியம்மாவோடு இருந்து பார்க்கிறோம். நன்றி.

தெஹிவளை_அக்கா:
அவர் சொல்லச் சொல்லப் போனில் பதிவு செய்யுங்கோ. பழைய தாளில் பெயரை பென்சிலால் பின்பக்க ஓரத்தில் அழுத்தாமல் எழுதலாம். வழவழப்பான கலர்ப் படத்தில் பென்சில் பிடிக்காது, அதற்குக் கவரில் எழுதிவிட்டுப் படத்தை உள்ளே வையுங்கள்.