அதிகாரப் பகிர்வை விளக்க, அலைபேசிகளின் திறன் கட்டுப்பாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாமா?

கேள்வி: பொன்னிவளவன்

மின்னணுத் தொடர்பியல் பொறியியல் படித்துவிட்டு, பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாகக் கொண்டு குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் அளிப்பதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பழகும்போதெல்லாம், கல்லூரியில் படித்த ஒரு பாடம் நினைவுக்கு வருகிறது. ஒரே அலைவரிசையைப் பல அலைபேசிகள் பகிர்ந்துகொள்ளும்போது, ஒவ்வொன்றும் எவ்வளவு திறனில் (பவர்) சிக்னல் அனுப்ப வேண்டும் என்பதை, எல்லாத் தகவலையும் ஓரிடத்தில் திரட்டிக் கணக்கிட வேண்டியதில்லை என்று ஃபோஷினி, மில்யானிச் என்ற ஆய்வாளர்கள் 1993இல் காட்டினார்கள். தன் சிக்னல் கோபுரத்தில் எந்தத் தரத்தில் கிடைக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். வேண்டிய தரத்தை, கிடைத்த தரத்தால் வகுத்து, அந்த விகிதத்தால் இப்போதைய திறனைப் பெருக்கினால் அடுத்த சுற்றுக்கான திறன் வந்துவிடும். இதையே திரும்பத் திரும்பச் செய்யும்போது, எல்லாக் கருவிகளும் தமக்குத் தேவையான மிகக் குறைந்த திறனில் நிலைகொள்கின்றன.

ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்த 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1993ஆம் ஆண்டு, ஏப்ரல் 24ஆம் நாள்தான். இது தற்செயல் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், உள்ளூர்த் தகவலைக் கொண்டு உள்ளூரிலேயே முடிவெடுத்தால் ஒட்டுமொத்த அமைப்பும் ஒழுங்காக இயங்கும் என்பதற்கு இந்தக் கணிதத்தைச் சான்றாகக் காட்டலாமா, அல்லது திருத்துபவர் இதை வெறும் அலங்காரமாகக் கருதிவிடுவாரா என்பதைத் துறை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: அலைக்கோபுரம்

அலைபேசி வலைப்பின்னல்களைச் சீரமைக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் சொன்ன முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லாருடைய இலக்குகளும் ஒரே நேரத்தில் எட்டக்கூடியவையாக இருந்தால்தான் அது நிலைகொள்ளும். இல்லாவிட்டால், ஒருவர் திறனை உயர்த்த, அது அடுத்தவருக்குக் குறுக்கீடாகி அவரும் உயர்த்த, கடைசியில் எல்லாக் கருவிகளும் உச்சத் திறனில் முட்டிக்கொண்டு நிற்கும்; பேட்டரி தீரும், பேச்சும் கேட்காது. ஆகவே, புதிய இணைப்பை ஏற்பதா மறுப்பதா என்று முடிவுசெய்ய மேலே ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

3ஜி வலைப்பின்னலில் இது எப்படி நடந்தது என்பது உங்கள் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுற்றுகள் இருந்தன. கோபுரம் ஒவ்வோர் அலைபேசிக்கும் நொடிக்கு 1,500 முறை 'ஏற்று', 'இறக்கு' என்று கட்டளை அனுப்பியது. ஒவ்வொரு கட்டளைக்கும் திறன் பொதுவாக ஒரு டெசிபல் மாறும். பல கோபுரங்களுக்கு மேலிருந்த கட்டுப்பாட்டகமோ அந்தக் கட்டளைகளில் தலையிடவில்லை. வந்துசேரும் தரவில் எவ்வளவு பிழை இருக்கிறது என்பதைப் பார்த்து, கோபுரம் பிடித்து நிறுத்த வேண்டிய தரத்தின் இலக்கை மட்டும் நிதானமாக மாற்றிக்கொண்டிருந்தது. இலக்கு மேலே, கட்டளை கீழே என்ற இந்தப் பிரிவினை இல்லாமல் அந்தத் தொழில்நுட்பம் வேலை செய்திருக்காது. கோபுரத்தடியில் நிற்பவரின் சிக்னல், தொலைவில் இருப்பவரின் சிக்னலை விழுங்கிவிட்டிருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற ஊரகப் பணியாளர்

தம்பி, பொறியியல் எனக்குத் தெரியாது. ஊரக வளர்ச்சித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மேலே நண்பர் சொன்ன 'இலக்கு மேலே, கட்டளை கீழே' என்பது நம் நிர்வாகத்தில் ஏட்டளவில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஊராட்சிகளுக்குத் தரக்கூடிய பொறுப்புகளைப் பட்டியலிடும் அரசமைப்பின் பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் உள்ளன. வேளாண்மை, குடிநீர், தொடக்கக் கல்வி எல்லாம் அதில் அடக்கம். ஆனால், அவற்றை ஊராட்சிகளுக்கு மாற்றித் தந்தே ஆக வேண்டும் என்று 243ஜி உறுப்பு கட்டாயப்படுத்தவில்லை. எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் முடிவுக்கு விட்டுவிட்டது. பணி, நிதி, பணியாளர் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் அது அதிகாரம். பணியை மட்டும் ஊராட்சிக்கு எழுதிவைத்து, நிதியைத் திட்டவாரியாகக் கட்டி அனுப்பி, பணியாளரைத் துறையின் கீழேயே வைத்துக்கொண்டால், தலைவர் கையில் மிஞ்சுவது தீர்மானப் புத்தகம்தான்.

கேரளம் இதில் வேறு வழியில் போனது. 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு என்று முதலிலேயே அறிவித்தார்கள். எந்த ஊராட்சிக்கு எவ்வளவு என்பது வரவுசெலவுத் திட்டத்தின் தனிப் பின்னிணைப்பில் அச்சாகி வந்துவிடும். அதைக் குறைக்க அதிகாரி எவரும் நடுவில் புக முடியாது. 'ஊராட்சிகளுக்குத் திறமை வரட்டும், பிறகு பணம் கொடுப்போம்' என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது என்பது அவர்கள் வாதம். தவறுகள் நடந்தன, பணம் வீணான இடங்களும் உண்டு. ஆனாலும், அந்த வரிசை சரி என்பதே என் கருத்து.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். இருவருக்கும் ஆகவில்லையென்றால் துணைத்தலைவர் கையெழுத்தை நிறுத்திவிடுவார். தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் போகாது, மின்மோட்டார் பழுதுபார்த்தவருக்குப் பணம் போகாது, ஊருக்குத் தண்ணீர் வராது. விவகாரம் முற்றினால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் தலையிட்டு, அந்த அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுப்பார். அடுத்த வாரமே பணம் போய்விடும், உண்மைதான். ஆனால், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் சண்டையைத் தீர்க்கக் கிராம சபைக்கு எந்த வழியும் இல்லாமல், அதிகாரம் வந்த வழியே மேலே திரும்பிவிட்டது. 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை ஊராட்சிகளுக்குத் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்களே, அப்போது எல்லா ஊராட்சிகளுக்கும் இதுதான் நிலை.

இன்னொன்று, பயன்பாட்டுச் சான்றிதழ், அலுவலகத்தில் யு.சி. என்போம். முதல் தவணையைச் செலவழித்ததாகச் சான்று கொடுத்தால்தான் அடுத்த தவணை வரும். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஒன்றிய அலுவலகத்தில் இரவு பத்து மணிக்கு விளக்கு எரிவது இதற்காகத்தான். மிச்சம் பிடித்த ஊராட்சியை அங்கே யாரும் பாராட்ட மாட்டார்கள். அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் கைவைப்பார்கள்.

பதில்: கணக்கன்

இரண்டு பதில்களும் நன்று. ஆனால், இந்த ஒப்புமையை நான் சந்தேகத்துடன்தான் பார்க்கிறேன். அலைபேசிக்குச் சொந்த நலன் இல்லை. தன் நிலையை மிகைப்படுத்திச் சொல்லிக் கூடுதல் திறன் கேட்கும் தேவையும் அதற்கு இல்லை. மாநிலமோ ஊராட்சியோ அப்படியல்ல. அதோடு, யாருக்குக் கூடுதலாகத் தருவது என்பதில் தொடர்பியலுக்கே ஒரே விடை கிடையாது. மொத்தத் தரவு வேகம்தான் குறிக்கோள் என்றால், சிக்னல் தெளிவாகச் செல்லும் தடங்களுக்கு அதிகத் திறனைக் கொடுத்து, மிக மோசமான தடங்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் விடுவதே கணிதம் சொல்லும் வழி. அதை அப்படியே நிதிப் பகிர்வில் வைத்தால், பின்தங்கிய மாவட்டத்துக்கு ஒரு ரூபாயும் போகாது.

மாறாக, 15ஆவது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்கு மாநிலங்களிடையே வரிப் பங்கைப் பிரித்தபோது, 45 விழுக்காடு எடையை 'வருமான இடைவெளி'க்குத் தந்தது. தனிநபர் வருமானத்தில் முன்னணியில் இருக்கும் மாநிலத்தைவிட எவ்வளவு பின்னால் இருக்கிறீர்களோ, அந்த அளவுக்குக் கூடுதல் பங்கு. வரி முயற்சிக்கு, அதாவது மாநிலம் தன் வரியைத் திரட்டுவதில் காட்டும் முனைப்புக்கு, கிடைத்த எடை 2.5 விழுக்காடுதான். தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடும் உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 விழுக்காடும் கிடைத்ததைப் பற்றி இங்கே எவ்வளவோ பேசிவிட்டோம்; அதை மீண்டும் தொடங்கவில்லை. எது நியாயம் என்பதை வாக்காளர்களும் சட்டமன்றங்களும் முடிவுசெய்ய வேண்டுமே தவிர, சமன்பாடு முடிவுசெய்யாது.

பதில்: பொன்னிவளவன்

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்ன பயன்பாட்டுச் சான்றிதழைப் படித்ததும் ஒன்று தோன்றியது. 4ஜி அலைபேசியும் கோபுரத்துக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறது; ஆனால் அது, தன்னிடம் இன்னும் எவ்வளவு திறன் மிச்சம் இருக்கிறது என்ற அறிக்கை. மிச்சம் இருப்பதாகச் சொன்னதற்காக அதன் ஒதுக்கீட்டைக் குறைப்பதில்லை. கூடுதல் பாரத்தை அதால் சுமக்க முடியும் என்றே கோபுரம் எடுத்துக்கொள்கிறது. இந்த வேறுபாட்டையே மையமாக வைத்து எழுதலாமா?

பதில்: அலைக்கோபுரம்

எழுதலாம், ஆனால் அதைவிட அடிப்படையான ஒரு வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலைப்பின்னலில் தரத்தை அளப்பது சிக்னல் போய்ச்சேரும் இடத்தில். அனுப்பும் கருவி 'நன்றாக அனுப்பினேன்' என்று சொல்வதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பயன்பாட்டுச் சான்றிதழோ அனுப்பியவரே தனக்குத் தந்துகொள்ளும் சான்று.

கணக்கன் அவர்கள் எழுப்பிய ஐயத்துக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. சொந்த நலன் உள்ளவரிடம் அதிகாரம் கொடுக்கும்போதுதான், பெறுபவர் பக்கத்தில் அளப்பது இன்னும் அவசியமாகிறது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17ஆவது பிரிவில் பணிகளைக் கண்காணித்துச் சமூகத் தணிக்கை (ஊர் மக்களே கணக்கைச் சரிபார்ப்பது) செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்குக் கொடுத்தது. பெறுமிடத்தில் அளக்கும் முயற்சிக்கு நம் சட்டங்களில் எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு அதுதான். 1993ஆம் ஆண்டு ஒற்றுமையை விட்டுவிட்டு, அந்தப் பிரிவிலிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள். 3ஜியின் இரண்டு சுற்றுகளுக்கு ஒரு பத்தி போதும்; சமன்பாடு வேண்டாம்.