சென்னைப் புழுக்கத்தில் ஹார்ட் ரேட் பார்த்து ஓடுவது சரியா?

அடையாறு_பாலம்:
வரும் ஜனவரி சென்னை மாரத்தானை மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. வயது 40. பயிற்சியாளர் ஈஸி ரன் (சிரமமில்லாத மெதுவான ஓட்டம்) எல்லாவற்றையும் நிமிடத்துக்கு 140 இதயத் துடிப்புக்குள் ஓடச் சொல்கிறார். 180-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு. டிசம்பரில் அந்த 140-க்கு கிலோமீட்டருக்கு 6:15 நிமிடம் வந்தது. இந்த ஜூனில் பெசன்ட் நகரில் அதே 140-க்கு 7:45. கடைசியில் நடந்தால்தான் எண் இறங்குகிறது. வாக்கிங் போகிற மாமா என்னை முந்திப் போகிறார். இப்படியே ஓடினால் வேகம் வருமா?

வேளச்சேரி_வேகம்:
வராது. துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டையைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். புழுக்கத்தில் துடிப்பு ஏறுவது கால் கூடுதலாக உழைப்பதால் இல்லை. உடம்பு சூட்டை இறக்க ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது. வியர்க்க வியர்க்க ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைவதால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. தசை கேட்கும் ஆக்ஸிஜன் ஏறக்குறைய அதேதான். மூன்றரை மணி நேரத்துக்காகப் பந்தயத்தில் கிலோமீட்டரை 4:58-ல் ஓடப் போகிறவர் மாதக்கணக்கில் 7:45-ல் காலைத் தேய்த்துப் பழகினால் என்ன ஆகும்? 6:15 என்றால் 6:15 ஓடுங்கள். 1978-ல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய சிவ்நாத் சிங் எந்த ஹார்ட் ரேட் வாட்சைப் பார்த்து ஓடினார்?

மெதுவோட்டம்:
சிவ்நாத் சிங் நாள் முழுக்க ஓஎம்ஆர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஓட வரவில்லை. அது கிடக்கட்டும். நீங்கள் சொன்ன காரணம் சரி, முடிவுதான் தப்பு. சூட்டில் துடிப்பு மேலே நகர நகர, அந்த நேரத்தில் உடம்பால் எடுக்க முடிகிற உச்சபட்ச ஆக்ஸிஜனும் இறங்குகிறது. ஆய்வகத்தில் அளந்து பார்த்த விஷயம் இது. தேவை மாறவில்லை, உச்சவரம்பு கீழே வந்துவிட்டது. அப்படியானால் டிசம்பரில் சுலபமாக இருந்த 6:15 ஜூனில் சுலபம் இல்லை. தசையில் எரிபொருளாகச் சேர்ந்திருக்கும் கிளைகோஜனும் சூட்டில் சீக்கிரம் கரைகிறது. ஈஸி என்று பெயர் வைத்துக்கொண்டு பாதி டெம்போ (கடினமான சீரான ஓட்டம்) ஓடுகிறீர்கள், வேகமாக ஓடி, ஓய்வெடுத்து, மறுபடி ஓடும் வியாழக்கிழமை இன்டர்வலுக்குக் காலில் ஒன்றும் மிஞ்சாது.

ஈரக்காற்று:
சூடு, சூடு என்கிறீர்கள். நம் ஊரில் எதிரி ஈரம். 65 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 650 கிலோகலோரி செலவாகும். அதில் முக்கால் பங்கு வெப்பமாகவே போகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கணக்குப்படி ஒரு லிட்டரே தாராளம். ஆனால் காற்றின் ஈரத்தைக் காட்டும் டியூ பாயிண்ட் (பனி படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியைத் தொட்ட காலையில் பாதி வியர்வை ஆவியாகாமல் முழங்கையிலிருந்து சொட்டுகிறது. சொட்டிய வியர்வையால் பைசா பிரயோஜனம் இல்லை.

விடியற்காலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். வெயில் இல்லை என்பது மட்டும்தான் லாபம். பீச்சில் காற்று வரும் என்று நம்பிப் போகிறவர்களுக்கும் ஒன்று: ஜூனில் கடற்காற்று பொதுவாக மதியத்தை ஒட்டித்தான் உள்ளே வரும், காலையில் அடிப்பது மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று.

வேளச்சேரி_வேகம்:
சரி, உச்சவரம்பு இறங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த 140 எங்கிருந்து வந்தது? 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பதே சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு இப்படியும் அப்படியும் போவது சகஜம். அடையாறு நண்பரின் உச்சம் 170 ஆக இருக்கலாம், 192 ஆகவும் இருக்கலாம். 192 என்றால் 140 அவருக்கு வெறும் உலாத்தல். 180-லிருந்து கழிப்பது அதைவிடக் குத்துமதிப்பு. ஊரில் பாதிப் பேர் மணிக்கட்டு வாட்ச் காட்டுகிற எண்ணை நம்புகிறார்கள், வியர்வையில் அது துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். திடீரென்று 175 என்று காட்டினால் பாதி நேரம் அது உங்கள் காலடிதான்.

மயிலை_மாடவீதி:
நிறையத் தண்ணீர் குடித்தால் துடிப்பு ஏறாது. நான் கிலோமீட்டருக்கு ஒரு டம்ளர்.

ஈரக்காற்று:
அண்ணா, அதை முதலில் நிறுத்துங்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிவுக்கோட்டில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், போதும்.

திருவான்மியூர்_தோழி:
பேஸ் (வேகம்) கட்சி, ஹார்ட் ரேட் கட்சி இரண்டுமே எண்ணைத்தான் கட்டிக்கொண்டு அழுகின்றன. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் சீடர்கள் ஸ்னெல்லும் ஹால்பெர்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் 800 மீட்டரிலும் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். இருவரும் ஆக்லாந்து மலைப்பாதையில் 22 மைல் ஓடியே வளர்ந்தவர்கள். நெஞ்சுப் பட்டை இல்லை, ஆனால் மூச்சு இருந்தது. முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட முடிந்தால் ஈஸி. இரண்டு சொல்லில் மூச்சு வாங்கினால் இல்லை. ஜூனில் அது 7:00 என்றால் 7:00. வேகத்துக்கு ஜிம் ட்ரெட்மில்லில் ஏசி போட்டு இன்டர்வல் ஓடுங்கள், கால் மறக்காது.

"நாலு மணிக்கே கிளம்புங்கள்" என்று யாராவது எழுதும் முன்பே சொல்லிவிடுகிறேன். விளக்கு எரியாத தெருவில், நாய்க் கூட்டத்துக்கு நடுவில், தனியாகப் போகிற பெண்ணுக்கு அந்த ஆலோசனை பாதிதான் பொருந்தும்.

மெதுவோட்டம்:
ஆக்லாந்து வானிலையை அடையாறுக்குக் கொண்டுவராதீர்கள் மேடம். பேச்சுச் சோதனையை நான் எதிர்க்கவில்லை. குழுவோடு ஓடும்போது யாரும் உண்மை பேசுவதில்லை என்பதுதான் சிக்கல், எல்லோருக்கும் ஈஸியாகத்தான் இருக்கும்! 80 சதவீதம் மெதுவாக, 20 சதவீதம் கடினமாக என்று 80/20 கணக்கை எல்லோரும் சொல்கிறார்களே, ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் அதைப் பயிற்சி அமர்வுகளை வைத்துத்தான் எண்ணினார். பத்தில் எட்டு அமர்வு மெதுவாக. அந்த எட்டைக் காப்பாற்ற ஒரு எண் வேண்டும்.

இன்னொன்று, ஜூன் ஓட்டம் வீண் இல்லை. சூட்டில் 10 முதல் 14 நாள் தொடர்ந்து ஓடினால் ரத்த பிளாஸ்மா பெருகும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். ஏசி ட்ரெட்மில்லிலேயே எல்லாவற்றையும் முடிப்பவருக்கு இது கிடைக்காது.

அடையாறு_பாலம்:
அப்படியென்றால் என் எண்ணை நானே கண்டுபிடிக்க என்ன வழி?

வேளச்சேரி_வேகம்:
நன்றாக வார்ம்அப் செய்துவிட்டு 30 நிமிடம் பந்தயம் போலத் தனியாக ஓடுங்கள். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பு உங்கள் த்ரெஷோல்டுக்கு, அதாவது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடிகிற கடின ஓட்டத்தின் மேல் எல்லைக்கு, பக்கத்தில் இருக்கும். ஈஸி அதில் 85 சதவீதத்தைச் சுற்றி. எந்தக் கழித்தல் கணக்கையும்விட இது மேல்.

மெதுவோட்டம்:
எண் வேண்டாம் என்று ஆரம்பித்தவர் எண் கொடுக்கிறார், சந்தோஷம். செஸ்ட் ஸ்ட்ராப் போட்டு ஓடுங்கள். டிராஃபிக் சிக்னல் இல்லாத பாதை வேண்டும். நவம்பரில் மழை நின்ற ஒரு காலையில் இந்தச் சோதனையைத் திரும்ப எடுங்கள்.

வேளச்சேரி_வேகம்:
நான் கொடுத்தது த்ரெஷோல்ட். அது 165 வந்தால் அவர் 140-ல் ஓடலாம், 170 வந்தால் 145 வரை போகலாம். ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் ஈஸி ரன் முடிவில் 20 வினாடி ஸ்ட்ரைட்ஸ் (குறுகிய வேக ஓட்டம்) ஆறு ஓடவேண்டும், அப்போது வாட்சைப் பார்க்கக் கூடாது. அதில் நான் இறங்கி வரமாட்டேன்.